ஹெக்டர் இன்னும் இறங்கவில்லை

1

2019 ஜூன் 8, சனிக்கிழமை பிற்பகல், ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், ஆர்னகில் மலைத்தொடரைச் சேர்ந்த பென் டாரக் உச்சியில், ஹெக்டர் மக்வரிஷின் சாம்பலை அவருடைய நடை மன்றத்தார் தூவினார்கள்.

2022 மே மாதம், அந்த இடம் பென் டாரக்கின் உச்சி இல்லை என்று தெரியவந்தது.

2

மேலே உள்ள இரண்டு வாக்கியங்களும் முதலில் எங்கள் வட்டார வாரப் பத்திரிகைக்காக நான் எழுதியவை. அவற்றுக்குப் பின் நான்கு பத்திகள் இருந்தன. அவற்றில் ஹெக்டரின் மனைவி மூரியல் இருந்தார். டிராக்டர் டயர் விளம்பரம் ஒன்று கடைசி நேரத்தில் வந்ததால் ஆசிரியர் நான்கு பத்திகளையும் வெட்டிவிட்டு, “மன்றத்தினர் வருத்தம் தெரிவித்தனர்” என்று தாமே ஒரு வரி சேர்த்தார். அது பொய். மன்றத்தினர் யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. அவர்கள் முதலில் செய்தது, தங்கள் பூட்ஸ் காய்ந்துவிட்டதா என்று பார்த்ததுதான்.

ஆகவே இந்தக் கதை எதிலிருந்து பிறந்தது என்று கேட்டால் மரணத்திலிருந்து என்றோ மலையிலிருந்து என்றோ சொல்ல முடியாது. ஒரு டிராக்டர் டயரிலிருந்து பிறந்தது.

3

கதைக்கு முறையான தொடக்கம் வேண்டுமென்று சில வரிகள் எழுதிப் பார்த்தேன்.

“மூடுபனி மலைமுகட்டைத் தாயைப் போலத் தழுவியிருந்தது, அதன் மடியில்—”

(நிறுத்திவிட்டேன். இங்கே மூடுபனி யாரையும் தழுவுவதில்லை. சட்டைக் காலருக்குள் இறங்கும். ஈரக் காலுறையோடு மூன்று மணி நேரம் நடந்த எவரும் அந்த வாக்கியத்தை மன்னிக்க மாட்டார்கள்.)

“மலைகளை நேசித்த ஒரு மனிதனின் கதை இது. அவன்—”

(இதுவும் வேண்டாம். ஹெக்டர் மலைகளை நேசித்தாரா என்பதுதான் இந்தக் கதையின் தகராறே. அவர் பட்டியலை நேசித்தார். இரண்டும் ஒன்றா என்று மூரியலைக் கேட்க வேண்டும்.)

பட்டியலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இவர்கள் மலை என்று சொல்வதைக் கேட்டு நீங்கள் இமயமலையைக் கற்பனை செய்ய வேண்டாம். கொடைக்கானல் பேருந்து நிலையத்தில் நின்று டீ குடிப்பவர் இந்த நாட்டின் எல்லா மலைகளையும்விட உயரத்தில் நிற்கிறார். ஆனால் கொடைக்கானலில் யாரும் அதற்காகப் பெயரைப் பொன்னெழுத்தில் பொறித்துக்கொள்வதில்லை. இங்கே பொறிப்பார்கள். குறிப்பிட்ட உயரத்துக்கு மேற்பட்ட வட்டார மலைகள் ஒரு பட்டியலில் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஏறி முடித்தவரின் பெயர் ஊர் பப்பில் தொங்கும் கருப்புப் பலகையில் பொன் நிறத்தில் ஏறும். நவக்கிரகம் சுற்றுவதைப் பார்த்துச் சிரிக்கும் ஊர் இது.

விதிகள் இரண்டே. உச்சிக் கல்லைத் தொட வேண்டும். பிறகு சொந்தக் காலால் இறங்கி வந்து பப்பில் பலகையைத் தொட வேண்டும்.*

* இரண்டாம் விதி எவ்வளவு கறாரானது என்பதற்கு டூகி சாட்சி. மீன் பண்ணையில் வேலை பார்க்கும் டூகி, ஒருமுறை ஓர் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கும்போது கணுக்காலை முறித்துக்கொண்டான். மீட்புப் படையின் ஹெலிகாப்டர் அவனைத் தூக்கி வந்தது. அந்த ஏற்றம் செல்லாது என்று மன்றம் தீர்மானித்தது. எலும்பு சேர்ந்ததும் அவன் மறுபடி ஏறி இறங்கினான். அந்தக் கோபம் இன்னும் சேரவில்லை.

4

ஹெக்டர் எல்லாவற்றையும் முடித்துவிட்டார், ஒன்றைத் தவிர. அந்த ஒன்று வீட்டுக்கு எதிரே இருந்த பென் டாரக். இதுவும் இங்கே வழக்கம்தான்: வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள சுலபமான மலையைக் கடைசிக்கு வைத்துக்கொள்வார்கள். முழங்கால் போன பழைய நண்பர்கள்கூட அன்று கூட வரலாம், உச்சியில் விஸ்கி குடிக்கலாம் என்பதற்காக. ஹெக்டர் அதை வைத்துக்கொண்டார். வைத்துக்கொண்டே இருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போய்விட்டு இரவுச் சாப்பாட்டுக்குள் திரும்பக்கூடிய மலையை ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு வசந்த காலத்தில் கொட்டகைக் கதவுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கும்போது மாரடைப்பில் இறந்தார். கதவு பாதி பச்சை.

மன்றத் தலைவர் ரூரி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஹெக்டரின் சாம்பலை உச்சிக்குக் கொண்டுபோனால் அவர் பட்டியலை முடித்ததாகக் கொள்ளலாம். எல்லோரும் கை தூக்கினார்கள். இழவு வீட்டில் யாரும் இரண்டாம் விதியைப் பேச மாட்டார்கள், டூகிகூட. ரூரி ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். மூடுபனியில் திசைகாட்டியைப் பிடித்துக்கொண்டு அவரே முன்னால் நடந்தார். கற்குவியல் தெரிந்தது. தூவினார்கள், குடித்தார்கள், இறங்கினார்கள். பலகையில் “ஹெக்டர் மக்வரிஷ், 2019” ஏறியது.

பென் டாரக்கின் முகட்டுக்கு இரண்டு தலை. மேற்கில் ஒன்று, கிழக்கில் ஒன்று, நடுவில் கத்திமுனை போல ஒரு பாதை. கற்குவியல் மேற்குத் தலையில் இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு வெளியூரிலிருந்து இரண்டு பேர் செயற்கைக்கோள் கருவியோடு வந்து, இரண்டு தலையிலும் அதை மணிக்கணக்கில் வைத்துவிட்டு, கிழக்குத் தலைதான் உயரம் என்றார்கள். எவ்வளவு உயரம்? ஒரு சாண்.

இந்தத் தவறு எப்படி நடந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். இதை வேறெந்த ஊர்க்காரர்களும் செய்திருக்க முடியாது. உச்சியை அடைந்தவர் அங்கே ஒரு கல் வைக்க வேண்டும் என்பது பழக்கம். யாரோ ஒருவர், என்றைக்கோ, பனியில் வழி தெரியாமல் மேற்கில் ஒரு கல் வைத்தார். அடுத்து வந்தவர் பனியில் கல்லைப் பார்த்து இதுதான் உச்சி என்று இன்னொன்று வைத்தார். குவியல் வளர்ந்தது. குவியல் வளர வளரச் சந்தேகம் குறைந்தது. பனி விலகிய நாளில் பார்த்தவர்களுக்கும் பயனில்லை. ஒரு தலையில் நின்று பார்த்தால் மற்றது தாழ்வாகத்தான் தெரியும். இவர்கள் தங்கள் பிழையை ஆளுக்கு ஒரு கல்லாகக் கட்டி எழுப்பி, அதன் மேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள்.

(இந்தப் பத்தியை எழுதியபோது, மனித நாகரிகம் முழுவதையும் பற்றி ஒரு வரி சேர்க்கக் கை துடித்தது. அடக்கிக்கொண்டேன்.)

செய்தி வந்த வாரமே ஓட்டம் தொடங்கிவிட்டது. டூகி காய்ச்சல் என்று விடுப்புச் சொல்லிவிட்டுக் கிழக்குத் தலைக்குப் போனான். நடுவழியில், அதே காய்ச்சலோடு திரும்பிக்கொண்டிருந்த மீன் பண்ணை முதலாளியைச் சந்தித்தான். இருவரும் வானிலை பற்றிப் பேசிவிட்டுப் பிரிந்தார்கள்.

உயிரோடு இருந்தவர்கள் எல்லோரும் ஒரு மாதத்தில் கணக்கைச் சரிசெய்துவிட்டார்கள். ஹெக்டரால் முடியவில்லை.

5

பத்திரிகைக்காக மூரியலைப் பார்க்கப் போனேன். தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, “ஓட்ஸ் பிஸ்கட் எடுத்துக்கோங்க, ஜன்னல்கிட்ட டப்பா இருக்கு” என்றார்.

எடுத்தேன்.

“அது இல்ல. பக்கத்துல உள்ளது. அது ஹெக்டர்.”

டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

“தொறக்கலயே?”

“இல்லை.”

“நல்லது. போன கிறிஸ்துமஸுக்கு என் தங்கச்சி தொறந்துட்டா.”

பிறகு விளக்கினார். “ரூரிதான் தூக்கிட்டுப் போறேன்னான். அவனுக்கு முதுகு வலி. பாவம், பாதி போதும்னு சூப்பு கரண்டியால எடுத்து வெச்சுட்டேன்.”

“அவங்ககிட்ட சொல்லலையா?”

“யாரும் கேக்கல. இத்தனை வருஷப் பழக்கம், ஹெக்டர் என்ன கனம்னு ஒருத்தனுக்கும் தெரியல பாருங்க.”

ஜன்னலுக்கு வெளியே பென் டாரக் தெரிந்தது. அது தெரிவதற்காகவே ஜன்னல் வைத்ததுபோல.

“பாத்திரம் கழுவுறப்பல்லாம் அதத்தான் பாத்துக்கிட்டு இருப்பான் மனுஷன். எப்பப் போறேன்னு கேட்டா, அடுத்த வருஷம்னுவான். ஏன் போகலன்னு நெனைக்கிறீங்க?”

“நண்பர்கள் எல்லாரும் கூடி வரணும்னு காத்திருந்தார்னு சொல்றாங்க.”

“அது அவன் ஊருக்குச் சொன்னது.” அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். “ஞாயித்துக்கிழம ஆனா மலை. கல்யாணம் ஆன நாள்லேருந்து. பட்டியல் முடிஞ்சிட்டா ஞாயித்துக்கிழம என்கூட உக்காரணும். அதுக்குப் பயந்துட்டானோன்னு எனக்கு ஒரு எண்ணம்.”

நாளை மழை வருமா என்று கேட்கும் தொனியில்தான் சொன்னார். வெட்டப்பட்ட நான்கு பத்திகளில் இது இல்லை. இதை நான் பத்திரிகைக்கு எழுதவில்லை.

6

ஜூன் மாதக் கூட்டம் பப்பில் நடந்தது. பலகை சுவரில் இருந்தது. ரூரி எழுந்து கனைத்தார்.

“காலமான உறுப்பினருக்கு ஒரு சிறப்பு விலக்கு குடுக்கலாம்னு முன்மொழியறேன். பேர் அப்படியே இருக்கட்டும்.”

“எனக்கு எதிர்ப்பு இருக்கு, சார்” என்றான் டூகி. ரூரியிடம் படித்தவன். அறுபதை நெருங்கியும் ‘சார்’ போகவில்லை. மரியாதை மட்டும் போய்விட்டது.

“என்னடா எதிர்ப்பு? உன் கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழனே ஹெக்டர்தான்.”

“ஆமா. நல்ல ஆளு. அழுதுட்டுத்தான் எதுக்குறேன். சார், நான் கால் ஒடஞ்சு கெடந்தப்ப ஆஸ்பத்திரிக்குத் திராட்சை வாங்கிட்டு வந்து என்ன சொன்னீங்க?”

ரூரி கூரையைப் பார்த்தார்.

“‘நீ எறங்கி வந்தது செல்லாது டூகி, மறுபடி போயிட்டு வா’ன்னீங்க. சொல்லிக்கிட்டே திராட்சையில பாதிய நீங்களே தின்னீங்க. நானாவது ஹெலிகாப்டர்ல எறங்கினேன். ஹெக்டர் எறங்கவே இல்ல. இன்னும் மேலதான் இருக்கான். அதுவும் தப்பான மேல.”

யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்கள். அப்போதுதான் கதவருகே மூரியல் நிற்பதைக் கவனித்தோம். ஹெக்டரின் பனிக்கோடரியை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டுப் போக வந்திருந்தார்.

“முழுசா இல்ல” என்றார்.

“என்ன?”

“பாதிதான் மேல இருக்கான். மீதி வீட்ல இருக்கான்.”

துணைத் தேர்வு உண்டு என்று அறிவித்ததும் தோற்ற மாணவன் முகம் எப்படி ஆகும்? ரூரியின் முகம் அப்படி ஆனது.

“மூரியல், அத எங்கிட்ட குடு. நான் பொறுப்பா கொண்டுபோய்—”

“போன தடவையும் நீதான் பொறுப்பு, ரூரி.”

“அன்னிக்கு மூடுபனி.”

“ஆயுசு முழுக்கப் புள்ளைங்களுக்கு வரைபடம் சொல்லிக் குடுத்தவன் நீ.”

“மூடுபனியில வரைபடம்ங்கிறது—”

“நானே கொண்டுவர்றேன்” என்றார் மூரியல். கோடரியை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

7

மூரியலை இங்கே நான் சந்தேகித்தேன் என்று சொல்ல வேண்டும். வாழ்நாளில் எந்த மலையும் ஏறாத எழுபது வயதுப் பெண், ஒரு டப்பாவோடு முகட்டுக்குப் புறப்படுவது கதைக்கு மிகவும் வசதியாக இருக்கிறது. வசதியாக இருப்பதெல்லாம் எழுத்தாளன் செய்த வேலை என்று வாசகர் நினைப்பார். முதல் வரைவில் அதைச் சமன்செய்ய அவரை அழவைத்தேன்:

“இரவெல்லாம் அவர் டப்பாவை மார்போடு அணைத்து—”

அடித்துவிட்டேன். இரவெல்லாம் அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் பாதி பச்சையாக நின்ற கொட்டகைக் கதவை முழுப் பச்சை ஆக்கிக்கொண்டிருந்தார். அது தெரியும்.

8

ஜூலை 16. மேகமே இல்லை. பலர் அந்த முகட்டை முழுதாகப் பார்த்தது அன்றுதான், ‘இவ்வளவு குறுகலா?’ என்று போன மாதம் பனியில் அதைக் கடந்தவர்களே கேட்டார்கள். பனியும் ஒருவகை தைரியம் போலிருக்கிறது.

மூரியல் தோட்டத்து ரப்பர் பூட்ஸ் அணிந்து வந்தார். ரூரி அதைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்து, வேண்டாமென்று மூடிக்கொண்டார். மேற்குத் தலை வரை மெதுவாகவே ஏறினோம். கற்குவியலை அடைந்ததும் மூரியல் கேட்டார்.

“எங்க தூவுனீங்க?”

மூன்று பேர் மூன்று பக்கம் கை காட்டினார்கள்.

டூகி பழக்கதோஷத்தில் ஒரு கல்லை எடுத்துக் குவியலில் வைக்கப் போனான்.

“போடாத. போட்டுப் போட்டுத்தான் இந்தக் கதி” என்றார் மூரியல்.

டூகி கல்லைக் கீழே வைத்தான். பிறகு மூரியலின் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டான். “ஒண்ணும் ஆகாது. விழுந்தா ரெண்டு பேரும்தான்” என்றான்.

“உன்னோடயா? அதுக்கு நான் பத்திரமாவே போறேன்.”

கத்திமுனையை அவர் குதிரை ஏறுவதுபோல இருபுறமும் காலைப் போட்டு உட்கார்ந்தபடியே நகர்ந்து கடந்தார். இடப்பக்கம் ஏரி, வலப்பக்கம் ஒன்றுமில்லை. முதுகுப் பையில் டப்பா கிலுகிலு என்றது. ரூரி தலைவருக்குரிய கம்பீரத்தோடு நின்றபடி நடந்து வந்தார். பாதி வழியில் குனிந்து பாறையைப் பிடித்துக்கொண்டார். அவரும் உட்கார்ந்தார். மன்றத்தின் விதிகளில் அதற்குத் தடை இல்லை.

கிழக்குத் தலையில் ஒரு தட்டையான கல், கொஞ்சம் ஆட்டுப்புழுக்கை. ஒரு சாண் உயர்ந்த இடம் அவ்வளவுதான் இருக்கும். எல்லோரும் குல்லாயைக் கழற்றினார்கள். ரூரி உரை எழுதிய தாளை விரித்தார். மூரியல் டப்பாவை எடுத்து அந்தக் கல்லின் மேல் வைத்தார்.

9

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். அவர் கை மூடியின் மேல் இருக்கிறது. எனக்கு முன்னால் மூன்று முடிவுகள் இருந்தன.

அ. அவர் திறக்கிறார். காற்று திரும்புகிறது. ஹெக்டரின் பாதி ரூரியின் தாடியில் போய்ச் சேர்கிறது. (பப்பில் இதைத்தான் விரும்புவார்கள். ரூரிக்குத் தாடி வைத்ததே இதற்காகத்தான் என்று சந்தேகம் வரும். உண்மையில் அவருக்குத் தாடி இல்லை.)

ஆ. அவர் திறக்கிறார், தூவுகிறார், மன்னிக்கிறார். சூரியன் சாய்கிறது. (இதைப் பத்திரிகை ஆசிரியர் டயர் விளம்பரத்தை நகர்த்திவிட்டுக்கூடப் போடுவார். அதனாலேயே வேண்டாம்.)

இ. வெளியூர்க்காரர்கள் மறுபடி அளந்து, மேற்குதான் உயரம் என்று—

இல்லை. அவ்வளவு கொடுமைக்காரன் இல்லை நான்.

நடந்தது இது. அவர் மூடியைத் திறக்கவில்லை. குனிந்து டப்பாவிடம் ஏதோ சொன்னார். நிமிர்ந்தார். டப்பாவைப் பையில் திரும்ப வைத்துக்கொண்டார்.

“அவ்வளவுதான். எறங்கலாம்.”

ரூரி தாளும் கையுமாக நின்றார். “தூவலையா?”

“எதுக்கு?”

“அப்பதானே முடிச்சதா—”

“டூகி, விதி என்ன?”

டூகி புரியாமல் ஒப்பித்தான். “உச்சியத் தொடணும். எறங்கி வந்து பலகையத் தொடணும்.” சொல்லி முடித்த பிறகுதான் அவன் முகம் மெல்ல விரிந்தது.

“மனுஷன் தொட்டாச்சு. இனி எறங்கணும்.”

“சொந்தக் கால்ல எறங்கணும்னு இருக்கு, மூரியல்” என்றார் ரூரி. ஆசிரியராக இருந்தவருக்கு அந்த வாய் போகாது.

“ஏறுனது யார் கால்ல, ரூரி? போன தடவ உன் கால் செல்லும். இந்தத் தடவ என் கால் செல்லாதா?”

ரூரி தாளை மடித்தார். காற்றில் அது சரியாக மடியவில்லை.

“அவ்வளவு வருஷம் அந்த மனுஷன் மலைக்குப் போவான், வருவான். வர்றதுதான் எனக்குக் கணக்கு” என்றார் மூரியல். பிறகு கத்திமுனையில் உட்கார்ந்து திரும்ப நகரத் தொடங்கினார். டூகி கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு, “மெதுவா, ரெண்டு பேரும் மெதுவா” என்றான். இரண்டாவது ஆளாக அவன் ரூரியைச் சொன்னானா என்று தெரியவில்லை.

10

ஒன்று பாக்கி. டப்பாவிடம் அவர் என்ன சொன்னார்? நான் கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தேன், காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. பயந்தாயா என்று கேட்டிருக்கலாம். ‘இது உனக்கு இவ்வளவு பெரிய விஷயமாடா’ என்று வைதிருக்கலாம். கதைக்காரன் என்ற முறையில் நான் எதை வேண்டுமானாலும் அவர் வாயில் வைக்க முடியும். ஆறு வாக்கியங்கள் வைத்தும் பார்த்தேன். எல்லாம் நான் பேசியதுபோலவே இருந்தன. இடத்தை விட்டுவைக்கிறேன்:

[                                        ]

உங்கள் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமைகள் உண்டு. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அழவைக்காதீர்கள்.

அன்று மாலை பப்பில் மூரியல் டப்பாவைப் பலகையில் ஒருமுறை முட்டவைத்து எடுத்தார். யாரும் எதிர்க்கவில்லை. 2019 என்பதை டூகி சுரண்டினான். ரூரி 2022 என்று எழுதினார். பொன் நிறம் பழையதோடு ஒத்துப்போகவில்லை.

மறுநாள், மூரியல் பப்பில் மறந்து விட்டுப்போன கைத்தடியைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். டப்பா ஜன்னலில் இல்லை. சாப்பாட்டு மேசையில், அவர் நாற்காலிக்கு எதிரே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை.